செயலாளரின் ஆண்டறிக்கை: கிணறு துப்புரவும் பிற பணிகளும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் பொதுச்சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சங்கத்தின் இவ்வாண்டு வேலையில் பெரும்பங்கு கிணறு துப்புரவுக்கே போனது. திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை ஒட்டிய நம் மணல் நிலத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. மாரி தொடங்குமுன், புரட்டாதியில் நீர்மட்டம் நன்றாக இறங்கிவிடும். இறைக்க அதுவே தோதான காலம்.

முன்பெல்லாம் இளைஞர் கழகத்தை வாளி தூக்கத்தான் கூப்பிடுவோம். மறுநாள் ஆள் வராது; அதில் வியப்பும் இல்லை. இம்முறை அளவு, கணக்கு, குறிப்புக் கொப்பி எல்லாம் அவர்கள் பொறுப்பு. எந்தக் கிணற்றில் சுவர் வளையம் பெயர்ந்திருக்கிறது, எங்கே ஊற்று வலு என்பதைச் சொல்வது மூத்தவர்கள் பொறுப்பு. வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை இரு பக்கத்துக்கும் உண்டு.

ஒரே மூச்சில் வற்ற இறைக்கக் கூடாது. உள்ளே தண்ணீரின் தாங்கல் போனதும் வெளியே நிற்கும் ஈரமண் நெருக்கி வளையம் சரியும். அடியிலிருந்து உவரும் ஏறும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையோரக் கிணறுகளை அளவுமீறி இறைத்ததில் கண்ட பாடம் இது. பாதி இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைப்பதே முறை. பெற்றோல் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒட்சிசன் குறைவைக் காட்டும், பம்பியின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைக் காட்டாது. உள்ளே இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே குறைந்தது இருவர்.

குளோரின் தூளைக் கைக்கணக்கில் அள்ளிப் போடுவதை நிறுத்திவிட்டோம். விட்டம் 1.5 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் நின்றால் சுமார் 3,500 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்று வைத்தால், 33 வீதம் குளோரின் உள்ள தூளில் ஏறத்தாழ 535 கிராம் வேண்டும். திறந்து கிடந்து ஈரம் பட்டு 25 வீதமாக இறங்கிய தூளென்றால் 700 கிராமும் போதாது. ஆகவே பொதியில் திறந்த திகதியை எழுதுக. பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும்; கசடோடு ஊற்றினால் சுண்ணாம்பு அடியில் படியும். 12 மணித்தியாலம் விட்டு, எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழ் வரும்வரை சிறிது சிறிதாக இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீரை மரக்கறிப் பாத்தியிலோ மீனுள்ள குட்டையிலோ விட வேண்டாம். உப்புக் கரிப்புக்குக் குளோரின் மருந்தல்ல என்பதையும் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும்.

வாய்க்கால் சிரமதானம், சனசமூக நிலையக் கூரைத் திருத்தம் இரண்டும் முடிந்தன. நுளம்பு ஒழிப்புக்கு மாதர் சங்கத்தார் வாரந்தோறும் வீடு வீடாகப் போகிறார்கள். முட்டை நுளம்பாக ஒரு வாரமளவே போதும் என்பதால் மாதம் ஒருமுறை போவதில் பயனில்லை.

சபை முடிவெடுக்க வேண்டியவை இரண்டு. மலசலகூடக் குழியிலிருந்து 50 அடிக்குள் இருக்கும் கிணறுகளை எத்தனை முறை துப்புரவாக்கினாலும் மாசு திரும்பும். குழியை மாற்ற அந்தக் குடும்பங்களுக்கு என்ன உதவி என்பது ஒன்று. நிர்வாகசபையில் இளைஞர் இருவருக்கு வாக்குரிமையுடன் இடம் என்பது மற்றையது. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

செயலாளர்