இரண்டு வகையையும் எழுதுங்கள்: நோயியல், மார்பு அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு, வணக்கம்.

அடினோஸ்குவாமஸ் கார்சினோமா நுரையீரல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு நான்கு பேருக்குமேல் காணப்படாத கலப்பு வகை. ஒரே கட்டிக்குள் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல் வகைப் புற்று), ஸ்குவாமஸ் கார்சினோமா (செதில் செல் வகைப் புற்று) ஆகிய இரண்டும் இருந்து, ஒவ்வொன்றும் குறைந்தது 10 விழுக்காடு இருந்தால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இப்பெயரை ஏற்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் வந்ததால்தான் இவற்றையெல்லாம் படிக்க நேர்ந்தது.

ஊசி வழியாக எடுக்கும் சிறு துணுக்கில் ஒரு வகை மட்டும் சிக்குவது இயல்பு; அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். கட்டியை முழுவதும் அகற்றி, பல இடங்களில் சீவிப் பார்த்தபின்தான் இதை உறுதிசெய்ய முடியும். எங்கள் வருத்தம் அதற்குப் பிந்தையது. பயாப்ஸியில், அதாவது அந்தத் துணுக்குச் சோதனையில், எழுதிய 'ஸ்குவாமஸ்' என்ற சொல்லே அறுவைக்குப் பிந்தைய அறிக்கையிலும் தொடர்ந்தது. அதைக் காட்டியே மரபணுச் சோதனை வேண்டாம் என்றார்கள். பாரஃபின் கட்டியை (அகற்றிய திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு) வேறோர் இடத்தில் கொடுத்து, இரு வகைகளையும் பிரித்துக் காட்டும் பி40, டிடிஎஃப்-1 சாயச் சோதனைகள் செய்த பிறகே மற்றப் பாதி தெரிந்தது.

இந்தக் கலப்பு வகையிலும், குறிப்பாக ஆசிய நோயாளிகளிடம், புற்று வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் கணிசமாகக் காணப்படுகிறது. அந்த மாற்றமுள்ள கட்டியை முழுமையாக அகற்றிய பின் அம்மாற்றத்தைக் குறிவைக்கும் ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்று 2020இல் வெளியான அடாரா ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் ஸ்குவாமஸ் நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. ஆகவே அறிக்கையின் ஒற்றைச் சொல் ஒரு நோயாளியின் மருந்தையே மாற்றிவிடக்கூடும். இரண்டு வகைகளின் விழுக்காட்டையும் தனித்தனியே எழுதுங்கள். துணுக்கிலேயே ஐயம் எழுந்தால் 'கலப்பாக இருக்கலாம்' என்று குறிப்பிடுங்கள்.

அறுவை மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கு நுரையீரலின் சிறு பகுதியை அகற்றினால் போதும் என்று அண்மைய ஆய்வுகள் சொல்வது உண்மைதான்; ஆனால் அவை இந்த அரிய வகையை முன்வைத்து நடந்தவை அல்ல. இவ்வகை தூய அடினோகார்சினோமாவைவிட மூர்க்கமானது என்பது நீங்கள் அறிந்ததே. நோயாளியின் மூச்சுத்திறன் இடங்கொடுத்தால் லோபெக்டமியும் (கட்டியுள்ள நுரையீரல் மடலை முழுவதும் அகற்றுதல்) மார்பின் நடுப்பகுதி நிணநீர்க் கணுக்களை முறையாக எடுப்பதுமே பொருத்தம் என்று கருதுகிறேன். (மூச்சுத்திறன் குறைந்தவர்களின் நிலை வேறு; அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களே.)

இன்னொன்று: மறுபரிசோதனைக்காகப் பாரஃபின் கட்டியைக் கேட்டு வரும் குடும்பத்தினரை, உங்கள் மீது நம்பிக்கை இழந்தவர்களாகக் கருதாமல், அதை உடனே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் உறவினர்