மணிக்கூட்டுச் செயினும் அதைத் தாங்கும் பின்னும்

ஆசிரியர் அவர்கட்கு,

கைக்கடிகாரத்தின் உலோகச் செயினைக் கழற்றிய பின் அதை மீண்டும் பூட்டுவதில் பாவனையாளர்கள் படுகின்ற சிரமத்தையும், அந்த வேலை நமது நகரத்தில் செய்யப்படும் விதத்தையும் பற்றித் தங்கள் பத்திரிகையின் வாயிலாகச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். இங்கே பலர் கட்டியிருக்கும் நல்ல மணிக்கூடுகள் கட்டாரிலோ குவைத்திலோ சவூதியிலோ உழைத்த ஓர் அண்ணனோ தகப்பனோ வாங்கி அனுப்பியவை. அவற்றின் பெறுமதியைக் கடை விலையை வைத்து மட்டும் கணக்கிட முடியாது. அப்படிப்பட்ட ஒரு பொருள் கையிலிருந்து கழன்று விழும்போது பெரும்பாலும் அறுவது செயின் அல்ல. செயினை மணிக்கூட்டுடன் இணைக்கும் ஸ்பிரிங் பின்தான் விட்டுப்போகிறது.

செயினைக் கழற்றாமலே வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று உள்நாட்டுப் பக்கத்து நண்பர்கள் சொல்வதுண்டு. ஒருபுறம் துறைமுகமும் மறுபுறம் திறந்த கடலுமாக இருக்கும் திருகோணமலையில் அது சரிவராது. உப்புக்காற்றும் வியர்வையும் மணலும் செயினின் கண்ணிகளுக்கிடையில் நாளாந்தம் சேர்கின்றன. நல்ல மணிக்கூடுகளுக்குப் பயன்படும் 316எல் வகைத் துருப்பிடிக்காத உருக்கில் மொலிப்டினம் கலந்திருப்பதால் அது உப்பை நன்றாகவே தாங்கும் என்றாலும், காற்றும் நீரும் ஓடாத ஒடுங்கிய இடுக்குகளில் உப்பு தேங்கி நின்றால் அந்த உருக்கும் அரிக்கப்படும். பின்னுக்குள் இருக்கும் மெல்லிய சுருள்வில்லின் நிலையோ இன்னும் மோசம். நீண்ட நாள் கழற்றாத செயினைக் கழற்றிப் பார்த்தால், மணிக்கூட்டின் உடலோடு சேரும் அதன் கடைசித் துண்டான முனைத்துண்டின் உட்புறத்தில் கறுப்பும் செம்மண் நிறமுமாக ஒரு களி அப்பிக்கொண்டிருக்கும். பின்னை விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தினால் ஒரு முனை உள்ளே போய் அங்கேயே நின்றுவிடும், திரும்பி வராது. இந்த நிலையிலுள்ள பின்னை நம்பித்தான் கடற்றொழிலுக்குப் போகிறவரும், நிலாவெளியில் கடலில் இறங்குகிறவரும், கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் தினமும் வந்துபோகிறவரும் மணிக்கூட்டைக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே செயினை இடைக்கிடை கழற்றி, நன்னீரிலும் சவர்க்காரத்திலும் மென்மையான தூரிகையால் கழுவி, உலரவிட்டுப் பூட்டுவது இங்கே அவசியமான பராமரிப்பு.

கழற்றுவது ஓரளவுக்கு இலகு. பூட்டும்போதுதான் பொறுமை போய்விடுகிறது. ஸ்பிரிங் பின் என்பது உள்ளே சுருள்வில் வைத்த சிறிய குழாய். அதன் இரு அந்தங்களிலும் அழுத்தினால் உள்ளே போகும் மெல்லிய முனைகள் இருக்கும். மணிக்கூட்டின் உடலிலிருந்து நீண்டிருக்கும் காதுகளின் உட்பக்கத்தில், பார்வைக்கு எளிதில் படாத இடத்தில், அம்முனைகள் போய் அமர்வதற்கான துளைகள் உண்டு. தோல் வாராக இருந்தால் வாரைச் சற்று ஒதுக்கிவிட்டுத் துளையைக் கண்ணால் பார்த்தே பின்னை அமர்த்தலாம். உலோகச் செயினில் முனைத்துண்டு அந்த இடைவெளி முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. ஒரு முனையைத் துளையில் வைத்து, மறுமுனையைக் கவருள்ள கருவியால் உள்ளே அழுத்திப் பிடித்தபடி, முனைத்துண்டின் வளைவு மணிக்கூட்டின் உடலோடு பொருந்துமாறு சரித்து இறக்க வேண்டும். இவ்வளவையும் செய்து முடிக்கும் தறுவாயில் முதலில் வைத்த முனை துளையிலிருந்து வெளியே வந்துவிடும். கருவி வழுக்கினால் காதில் நீளமான கீறல் விழும். பின் எகிறினால் அது எங்கே போனதென்று தெரியாது.

இதைவிட ஆபத்தானது, பின் சரியாக அமர்ந்ததுபோல் தோன்றி அமராமல் இருப்பது. ‘டிக்’ என்ற சிறு சத்தம் கேட்டவுடன் வேலை முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் முனை துளைக்குள் முழுவதும் இறங்காமல் அதன் விளிம்பிலேயே தங்கியிருக்கலாம். மேசையில் வைத்துப் பார்க்கும்போது எந்தக் குறையும் தெரியாது. பேருந்தின் கம்பியில் செயின் ஒருமுறை கொழுவினால் போதும், மணிக்கூடு தரையில் கிடக்கும். பூட்டிய பிறகு செயினை இருபுறமும் ஆட்டியும், உடலிலிருந்து வெளிப்புறமாகப் பலமாக இழுத்தும் பார்க்காமல் எவரும் மணிக்கூட்டைக் கையில் கட்டக்கூடாது. கடையில் பூட்டித் தருபவரும் இதைப் பாவனையாளரின் கண்முன்னே செய்துகாட்ட வேண்டும்.

பின்னின் அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். காதுகளுக்கிடையிலான அகலம் 18, 20, 22 மில்லிமீற்றர் என்று வேறுபடும் என்பதைப் பலர் அறிவார்கள். பின்னின் தடிப்பும் வேறுபடும் என்பதைக் கடைக்காரர்களிலேயே பலர் பொருட்படுத்துவதில்லை. சாதாரணப் பின்கள் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் தடிப்பானவை. சீக்கோ நிறுவனத்தின் சுழியோடிகளுக்கான மணிக்கூடுகள் பலவற்றில் 2.5 மில்லிமீற்றர் தடிப்பான பின் இருக்கும். அதன் முனைகளும் சாதாரணப் பின்னின் முனைகளைவிடப் பருத்தவை. அந்தத் துளைக்குள் மெல்லிய முனையுள்ள பின்னைப் போட்டால் அது அளவில்லாத பெரிய செருப்புக்குள் காலை விட்டதுபோல் ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டு மணிக்கூடு ஒன்றுக்கு இதுவே நேர்ந்தது. செயினைச் சுத்தம் செய்து பூட்டித் தரும்படி நகரத்திலுள்ள ஒரு கடையில் கொடுத்தோம். திரும்பி வந்தபோது தடித்த பின்கள் இரண்டும் போய் மெல்லிய பின்கள் இருந்தன. காதின் உட்புறத்தில் புதிய கீறல்களும் இருந்தன. பழைய பின்கள் எங்கே என்று கேட்டதற்கு எறிந்துவிட்டோம் என்றார்கள். அந்தப் பின்கள் பழுதடைந்திருக்கவில்லை. பொருத்தமான பின் கைவசம் இல்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி மணிக்கூட்டைத் திருப்பித் தந்திருக்கலாம். நாங்கள் கொழும்பிலிருந்து எடுப்பித்திருப்போம்.

செயினின் நீளத்தைக் குறைக்கும்போதும் இதே அலட்சியம் நடக்கிறது. பல செயின்களின் உட்புறத்தில் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். கண்ணிகளை இணைக்கும் ஊசியை அந்தத் திசையில் தள்ளி எடுக்க வேண்டும், எதிர்த்திசையில் போட வேண்டும். சில சீக்கோ செயின்களில் ஊசியைச் சுற்றி மிகச் சிறிய குழாய் ஒன்றும் இருக்கும். ஊசியை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது தவறி விழுந்ததைக் கவனிக்காமல் ஊசியை மட்டும் போட்டுக் கொடுத்தால், சில நாட்களில் ஊசி தானாகவே வெளியே நகர்ந்து வந்துவிடும். கழற்றிய கண்ணிகளையும் ஊசிகளையும் சிறு பையில் போட்டுக் கொடுப்பது கடையின் கடமை. கை பருத்தாலோ மணிக்கூடு இன்னொருவரின் கைக்குப் போனாலோ அவை தேவைப்படும். அதே மாதிரிக்குரிய கண்ணிகளைப் பின்னர் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

குற்றம் முழுவதையும் திருத்துபவர்கள்மீது சுமத்த நான் விரும்பவில்லை. என் எண்ணத்தில் முதற்பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. காதுகளின் வெளிப்புறம் வரை ஊடுருவிச் செல்லும் துளை இருந்தால், வெளியிலிருந்து மெல்லிய ஊசியால் பின்னின் முனையை அழுத்தி எவரும் ஒரு கீறலுமின்றிச் செயினைக் கழற்றவும், பின் சரியாக அமர்ந்துள்ளதா என்று கண்ணால் பார்க்கவும் முடியும். ரோலெக்ஸ் நிறுவனம்கூட சப்மரீனர் போன்ற மாதிரிகளில் இத்துளைகளை முன்னர் வைத்திருந்து, 2000களின் தொடக்கத்தில் கைவிட்டது. துளையில்லாத காது பார்வைக்கு அழகுதான். ஆயினும் அந்த அழகுக்காகப் பாவனையாளர் தன் பொருளைத் தானே பராமரிக்க முடியாத நிலைக்குத் தள்ளப்படுகிறார். விரல் நகத்தால் இழுத்துக் கழற்றக்கூடிய பின்கள் தோல் வார்களில் இப்போது பரவலாகிவிட்டன. சில உலோகச் செயின்களிலும் வந்திருக்கின்றன. எல்லாச் செயின்களுக்கும் இது வருவதில் பெரிய தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை நமது நகரத்தில் செய்யக்கூடியவை உண்டு. காதுகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டி, துணி விரித்த மேசையில், நுனி தேயாத கருவியால் வேலை செய்தால் கீறலும் விழாது, பின்னும் தொலையாது. இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. இவ்வளவு சிறிய கூலிக்கு அவ்வளவு நேரம் செலவிட முடியாது என்று திருத்துபவர்கள் சொல்வது நியாயமானதே. அப்படியானால் கூலியைக் கூட்டிக் கேளுங்கள், மனமுவந்து தருகிறோம். பணம் பெற்றுச் செய்யும் சேவை உரிய திறமையுடனும் கவனத்துடனும் செய்யப்பட வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் ஏற்பாடாகும். ஸ்பிரிங் பின் மாற்றுவதற்கும் அது பொருந்தும்.

மணிக்கூட்டுக் கடைகளை நடத்துவோரிடம் நான் கேட்பது இதுதான்: வெவ்வேறு தடிப்பிலான பின்களைக் கைவசம் வைத்திருங்கள், என்ன பின் போட்டீர்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள், கழற்றிய பழைய பின்னையும் உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

இங்ஙனம்,
வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.