அந்த சென்சாரை இப்போதே மாற்றிவிடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, இப்போது பிடிமானம் இல்லாமல் நடக்கிறார்.

உன் வண்டிக்கு வருகிறேன். சீரான வேகத்தில் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, ஐடிலிங் ஏறி இறங்குகிறது, ஸ்கேனரில் பி0121 என்ற பிழை எண் வந்ததும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரை (இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது) மாற்றச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. அந்தத் தகடு இருக்கும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தாலும், சென்சாரில் ஒயர் செருகும் கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருந்தாலும் இதே தொல்லை வரும். முதலில் அவற்றைப் பார்.

உன்னுடையது ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ள வண்டி. சென்சாருக்கு மூன்று ஒயர் இருக்கும். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒன்றில் 5 வோல்ட் வருகிறதா, இன்னொன்றில் எர்த் சரியா என்று பார். இவை இல்லாவிட்டால் புது சென்சார் போட்டும் பயனில்லை. மூன்றாவது சிக்னல் ஒயர். வோல்ட் பார்க்கும் மீட்டரின் ஊசியைக் கனெக்டரின் பின்பக்கமாக நுழை. ஒயரின் தோலைக் குத்தாதே, அந்த ஓட்டையில் ஈரம் இறங்கிப் பின்னால் வேறு கோளாறு வரும். த்ராட்டில் மூடியிருக்கையில் பொதுவாக 0.5 முதல் 1 வோல்ட்டுக்குள் காட்டும், முழுக்கத் திறந்தால் 4 வோல்ட்டைத் தாண்டும். உன் மாடலுக்கு உரிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இந்த இரண்டு அளவும் சரியாக இருந்தால் சென்சார் நல்லது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே ஒரு கார்பன் தடத்தின் மேல் தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கிறது. நாம் பெரும்பாலும் ஓட்டுவது லேசாக அழுத்திய நிலையில்தான். தடம் தேய்வதும் அங்கேதான். அதனால் த்ராட்டிலை மிக மெதுவாகத் திறந்து, மெதுவாக மூடு. வோல்ட் தடங்கலின்றி ஏறி இறங்க வேண்டும். இதற்கு முள் மீட்டர்தான் நல்லது. கணநேரச் சறுக்கலை டிஜிட்டல் மீட்டர் காட்டாமலே போகலாம். சென்சாரை விரலால் லேசாகத் தட்டியும் பார். ஒரே இடத்தில் முள் திரும்பத் திரும்பத் துள்ளினால் தயங்காமல் மாற்று. மாற்றியபின் மூடிய நிலை வோல்ட்டைச் சரிபார்த்து, ஸ்கேனரில் பழைய பிழை எண்ணை அழித்துவிடு.

மகளின் புது வண்டியில் இதைச் செய்யப் போகாதே. அதில் த்ராட்டிலை மோட்டார் இயக்குகிறது. சாவி ஆனில் இருக்கும்போது விரல் உள்ளே போனால் நசுங்கிவிடும்.

கனெக்டரைக் கழற்றும்போது உட்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. முள் எங்கே துள்ளியது என்பதையும் எழுது.

அன்புடன்,
ரகு