பேரன் தின்ற மிட்டாய்

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை விட்டுவிடாதே, அதில்தான் உனக்குச் சோம்பல்.

பேரன் விஷயம் படித்துச் சிரித்தேன். தட்டில் மிட்டாயை வைத்து, 'பதினைந்து நிமிஷம் தொடாமல் இருந்தால் இன்னொன்று' என்றாளாம் உன் மகள். அவள் திரும்புவதற்குள் வாயில் போட்டுக்கொண்டானாம். இதற்காகப் பிள்ளையின் எதிர்காலமே போச்சு என்று அழுவதா?

குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. உளவியலாளர் வால்டர் மிஷெலின் இந்தச் சோதனையைத்தான், காத்திருக்கும் பிள்ளைதான் பின்னால் நன்றாகப் படிக்கும் என்று, வருஷா வருஷம் வகுப்பில் வேதம் மாதிரி நடத்தினேன். அவர் சோதித்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாக மழலையர் பள்ளிப் பிள்ளைகளை. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவலை வைத்து வேறு ஆய்வாளர்கள் திரும்பப் பார்த்தார்கள். குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும், காத்திருப்புக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது.

அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆப்பிரிக்காவின் கேமரூனில் ந்ஸோ இன விவசாயக் குடும்பத்து நான்கு வயதுப் பிள்ளைகள் முன்னால் எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரத்தை வைத்தார்கள். ஜெர்மன் பிள்ளைகளைவிட இவர்களில் அதிகம் பேர் காத்திருந்தார்கள். சிலர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்களாம்! 2022-இல் வந்த வேறொரு ஆய்வில் ஜப்பானியப் பிள்ளைகள் தின்பண்டத்துக்கும், அமெரிக்கப் பிள்ளைகள் பரிசுப் பொட்டலத்துக்கும் அதிக நேரம் பொறுத்தார்கள். வீட்டில் எதற்குக் காத்திருந்து பழக்கமோ அதற்கு.

நம்மையே பார். பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை மூக்கைத் துளைத்தாலும் தீபாராதனை ஆகும்வரை உன் கை நீளாது. தீபாவளிப் பட்டாசை மட்டும் முதல் நாளே வெடித்துத் தீர்ப்பாய்.

2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தான் தேறின, மற்றவற்றில் பழைய முடிவு திரும்ப வரவில்லை. அதற்கப்புறம், என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்வது, தரவைப் பொதுவில் வைப்பது எல்லாம் பரவியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் தரவில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள் என்றால், எத்தனை பேர் திறந்து பார்த்தும் கொழுக்கட்டை கண்ணில் படாது. 2003 முதல் 2007 வரை ஆறு முக்கிய உளவியல் இதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 68 சதவீதம் அமெரிக்கர்களே.

அடுத்த மாதம் வருகிறேன். பேரனுக்குத் தேன்மிட்டாய் கொண்டுவருவேன், ஒரே தடவையில் இரண்டையும் கொடுத்துவிடுவேன். மகளிடம் இப்போதே சொல்லி வை.

உன் பழைய அறைத்தோழன்