கட்டுமான மேற்பார்வையாளருக்கும் ஓவர்டைம் ஊதியம் வேண்டும்: தொழிலாளர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலத்துறை உயர் அதிகாரிகளுக்குத் திருநெல்வேலியிலிருந்து வணக்கம்.

கட்டுமான இடங்களில் மேற்பார்வையாளர்கள் எத்தனை மணிக்கு வருகிறோம், எத்தனை மணிக்குப் போகிறோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் ஆய்வுக்கு வரும்போது பதிவேடுகளை எடுத்து நீட்டுகிறவர்கள் நாங்கள்தான். ஆகவே பழைய கதைகளை விட்டுவிட்டு, சென்ற கோடையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான்குவழிச் சாலையை ஒட்டி எழும்பும் ஒரு வணிகக் கட்டடத்தில் இரண்டாவது தளத்துக்குக் காங்கிரீட் போட்டோம். சித்திரை வெயிலில் பகலில் போட்டால் கலவை சீக்கிரம் இறுகி வெடிப்பு விழும் என்பதால், எங்கள் பக்கம் பெரிய தளங்களைப் பொழுது சாய்ந்த பிறகுதான் தொடங்குவோம். ஆனால் மேற்பார்வையாளர் காலை எட்டு மணிக்கே வந்தாக வேண்டும். தளப் பலகையைத் தாங்கும் முட்டுகளைச் சரிபார்க்க வேண்டும், கம்பிக் கட்டுகளை எண்ண வேண்டும், பலகை இடுக்குகளை அடைக்க வேண்டும். அன்று நடு இரவில், கலவையை மேலே ஏற்றும் பம்ப் பழுதாகிவிட்டது. ரெடிமிக்ஸ் லாரியில் வரும் கலவையை, கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். பாதியில் விட்டுவிட்டால் முன்பு போட்டதும் பின்பு போடுவதும் ஒன்றோடொன்று ஒட்டாது. பின்னாளில் அந்த இணைப்பின் வழியேதான் மழைத் தண்ணீர் இறங்கும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். ஆகவே ஒருவரும் நகரவில்லை. மாற்றுப் பம்ப் வந்து, கடைசி லாரி காலியாகும்போது அதிகாலை நான்கு மணி.

வேலை முடிந்ததும் ஓவர்டைம் பதிவேடு எழுதுவது மேற்பார்வையாளரின் பொறுப்பு. என்னுடன் இருந்தவன் அம்பாசமுத்திரம் பக்கத்துத் தம்பி, பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவன். சிமெண்ட் காய்ந்து வெடித்த விரல்களோடு, செல்போன் வெளிச்சத்தில் அவன் எழுதினான். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள், கலவையை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடித்தவர், சட்டி சுமந்த சித்தாள்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் நேராக மணிக் கணக்கு. யாருக்கும் அரை மணி நேரம்கூடக் குறைந்துவிடக் கூடாது என்று என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினான். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு, "அண்ணாச்சி, நம் பெயரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?" என்றான். நமக்கு இதில் பக்கம் கிடையாது என்றேன்.

அவன் அதோடு விடவில்லை. சம்பள நாளன்று அலுவலகத்தில் போய்க் கேட்டான். "நீ ஸ்டாஃப், லேபர் இல்லை" என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டதற்கு, அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவனுக்கு மாதச் சம்பளம் 20,000 ரூபாய். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 96 ரூபாய் வருகிறது. இரட்டிப்பாகக் கணக்கிட்டால் 192. உணவு, ஓய்வு நேரங்கள் போக அன்று அவன் கூடுதலாக நின்றது பத்து மணி நேரம். அதற்கு 1,920 ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டதற்குத்தான் ஒரு இளைஞனின் வேலை போயிற்று.

சட்டத்தை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் நிலைமை புரிய இதைக் குறிப்பிட்டாக வேண்டும். 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்றது. அதே சட்டம், மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் தொழிலாளரே அல்ல என்றும் சொல்லிவிட்டது. விலைவாசி எங்கேயோ போய்விட்ட பிறகும் அந்த 1,600 அப்படியே கிடந்தது. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றிணைத்து 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புகளில், பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 18,000 ஆக்கியிருக்கிறது. இன்று எங்கள் பகுதியில் ஒரு கொத்தனாரின் நாள் கூலி ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. மாதம் 26 நாள் வேலை கிடைத்தால் 26,000. அது அவர் உழைப்புக்கு உரிய கூலி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவரைவிடக் குறைவாக வாங்குகிற மேற்பார்வையாளனைச் சம்பளம் அதிகம் என்று சொல்லி வெளியே நிறுத்துவது என்ன நியாயம்? கூடுதல் நேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தத் தொகுப்பு. எங்களிடம் சம்மதம் கேட்பவரும் இல்லை.

வழி அடைந்துவிடவில்லை. ஊதியங்கள் குறித்த 2019ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, மேற்பார்வைப் பணி செய்பவரையும் பணியாளர் என்றே கொள்கிறது. குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட பணியாளர் வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை செய்தால் இரட்டிப்புக்குக் குறையாமல் தர வேண்டும் என்று அதன் 14ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் கட்டுமானத்துக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. அந்த அறிவிக்கையில் கட்டுமான மேற்பார்வையாளர் என்று பெயர் சொல்லி எங்களைச் சேருங்கள். எங்களுக்கும் இரட்டிப்பு ஊதியம் உண்டு என்று ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் கேட்பது அதைத்தான்.

'மேற்பார்வையாளர் என்றால் நிர்வாகத்தின் ஆள்' என்று ஒப்பந்ததாரர்கள் உங்களிடம் சொல்வார்கள். ஒரு சித்தாளை வேலைக்குச் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. ஒருவருக்கு ஒரு நாள் விடுப்புக் கொடுக்க அதிகாரம் இல்லை. ஒரு மூட்டை சிமெண்ட் வாங்குவதென்றாலும் அலுவலகத்துக்குப் போன் செய்துதான் வாங்க வேண்டும். பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், உண்மையில் செய்யும் வேலையைப் பாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் 1,920 ரூபாய்க்காக வேலை இழந்த பையன் எந்த நீதிமன்றத்தின் படியேறுவான்?

பொறுப்பு என்று வரும்போது மட்டும் நாங்கள் பெரிய மனிதர்கள் ஆகிவிடுகிறோம். சாரம் சரிந்தாலும், முட்டு நழுவித் தளம் இறங்கினாலும், பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையில் முதலில் ஏறுவது மேற்பார்வையாளரின் பெயர். பதினெட்டு மணி நேரம் நின்றவனின் கண் ஒரு முட்டின் அடியில் ஆப்பு தளர்ந்திருப்பதைப் பார்க்கத் தவறலாம். அந்தத் தளத்தின் கீழே நிற்பவர்களும் மனிதர்கள்தானே? கூடுதல் நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றால்தான் ஒப்பந்ததாரர் இரண்டாவது ஷிஃப்டுக்கு இன்னொரு மேற்பார்வையாளரைப் போடுவார். எங்கள் உழைப்பு இலவசமாகக் கிடைக்கும் வரை அவர் ஏன் போடப் போகிறார்?

12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை 2023ஆம் ஆண்டு மே தினத்தன்று அரசு திரும்பப் பெற்றதாக அறிவித்தபோது, சைட்டில் நின்றுகொண்டுதான் அந்தச் செய்தியைப் படித்தேன். மனம் நிறைய மகிழ்ந்தேன். ஆனால் அந்தப் 12 மணி நேரம் எங்களுக்கு எந்தச் சட்டமும் இல்லாமலே அன்றாடம் நடக்கிறது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்குத் துணைநின்று, சம்பள உயர்வும் வார விடுமுறையும் கிடைக்கச் செய்தவர் வ.உ.சி. தூத்துக்குடி அன்று திருநெல்வேலி மாவட்டம். அவர் பெயரில் இங்கே மணிமண்டபம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது. அவர் பிறந்தநாளில் எல்லாரும் மாலை போடுகிறார்கள். அதே மண்ணில் ஞாயிற்றுக்கிழமையும் சைட்டுக்கு வா, வராவிட்டால் சம்பளத்தில் பிடிப்போம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. இதைக் கேட்க இந்த மாவட்டத்தில் ஒருவர்கூடவா இல்லை?

கோபம் கொஞ்சம் மேலேறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகங்களிலும் ஆள் பற்றாக்குறை உண்டு, ஒரே ஆய்வாளர் பல வட்டங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை அறிவேன். புதிதாக ஒரு துறையைத் தொடங்கச் சொல்லவில்லை. அடுத்த குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையில் கட்டுமான மேற்பார்வையாளரையும் சேர்த்து, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியத்தை உறுதி செய்யுங்கள். 18,000 ரூபாய் வரம்பை அறிவிக்கை மூலமே உயர்த்தும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. அதை உயர்த்தும்படி மாநில அரசின் சார்பில் எழுதுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் மேற்பார்வையாளர்களின் வருகை நேரத்தையும் கேட்டுப் பதிவு செய்ய உத்தரவிடுங்கள். கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள், பெயர் வெளியே தெரியாமல் உங்களிடம் முறையிட ஒரு வழியும் செய்து கொடுங்கள்.

தங்கள் பதிலைப் பணிவுடன் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கட்டுமான மேற்பார்வையாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.