தம்பானூர் வரிசை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். என் முட்டியும் அதே கதைதான். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஆறு நாளும் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறி, குறும்பட விழா பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அறை எடுத்துத் தங்கியிருக்கலாம். "சினிமா பாக்க லாட்ஜா?" என்று வீட்டில் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். அதனால் காலை பாசஞ்சர், ராத்திரி கிடைத்த வண்டி. இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் இப்போது தூக்கத்திலேயே அடையாளம் தெரிகிறது.

தியேட்டர் அதேதான். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கினால் கூப்பிடு தூரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா. 2008இல் இந்த ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கினார்கள். டிசம்பர் மாதத்துப் பெரிய விழா, அதாவது கேரள சர்வதேசத் திரைப்பட விழா, அதற்கும் மூத்தது, 1996இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்தது. பெரிய விழாவில் கூட்டத்தைப் பார்த்தே எனக்கு மூச்சு முட்டுகிறது. இதுதான் நம் உடம்புக்கு ஏற்ற அளவு.

காலை எட்டரைக்கெல்லாம் மழையில் குடையோடு வரிசை நிற்கிறது. என் முன்னால் காக்கிச் சட்டையில் ஒருவர், கழுத்தில் டெலிகேட் அட்டை. ஆட்டோவை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தாராம். மத்தியானம் வரை படம், அப்புறம் சவாரி. அன்றைக்கு ஒரு பதினேழு நிமிடப் படம் முடிந்ததும் எடுத்த பையனை மேடைக்கு அழைத்தார்கள். நான்கைந்து பேர் பாராட்டிப் பேசினார்கள். இந்தக் காக்கிச் சட்டைக்காரர் எழுந்து, "அம்மா அழும்போது கேமரா ஏன் வாசலுக்கு ஓடிப் போச்சு, உனக்குப் பயமா?" என்று மலையாளத்தில் கேட்டார். பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஆமா சேட்டா, பயம்தான்" என்றான். அரங்கம் சிரித்தது, அவனும் சிரித்துவிட்டான். மக்கா, அந்தப் பையன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு கேள்வியை நம்மிடம் யார் கேட்டார்கள்?

படங்கள் எல்லாம் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். ட்ரோன் வந்த பிறகு பாதிப் படங்கள் பருந்துப் பார்வையில்தான் தொடங்குகின்றன. கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம் வைக்காவிட்டால் தெய்வக் குத்தம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குறும்படத்தில் ஒரு வசதி, பிடிக்காவிட்டாலும் பத்து நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். யாரும் எழுந்து போவதில்லை.

மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுருள் கோபுரக் காபி ஹவுஸில் உன் நினைவாகவே பீட்ரூட் கட்லெட் சாப்பிட்டேன். பரிமாறுகிறவர் தட்டோடு அந்தச் சரிவில் ஏறுவதைப் பார்த்து நீ 'இதுவே ஒரு குறும்படம்' என்று சொன்ன நாற்காலிக்கு எதிரில்தான் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். 1965இல் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கம் தொடங்கியதிலிருந்து ஆரம்பித்து மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமுக்கு வந்து நின்றார். அவருடைய ஒடேசா குழு ஊர் ஊராகச் சாப்ளின் படம் போட்டுக் காட்டி ஜனங்களிடம் காசு திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' எடுத்த கதை உனக்குத் தெரியும்தானே. "அதுக்கு முன்னாலயே எங்க பாஷையில 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்துட்டாரே" என்று விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். "எடுத்தார். நீங்க எத்தனை பேர் பார்த்தீங்க?" என்றார். கட்லெட்டை மென்றுகொண்டிருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

அவர் கேட்டது இன்னும் உறுத்துகிறது. வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. மறு வருஷம் மார்ச்சில் திருவனந்தபுரம் விழாவில் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் விருதும் அதற்குத்தான். மதுரை மேலூர்ப் பக்கத்து வெயிலில் எடுத்த படத்துக்கு மலையாளிகள் ஓட்டுப் போட்டார்கள். நமக்கோ அது தியேட்டருக்கே வராமல் 2023இல் நேராக ஓடிடிக்குப் போனது. நம் ஆட்களுக்கு ரசனை இல்லை என்று நீ எழுதுவாய். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 1956 வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சிதானே, எல்லை தாண்டியதும் ரசனை ஆவியாகிவிடுமா? அங்கே அரசாங்கமே திரைப்பட அகாதமி வைத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் தியேட்டர் கொடுத்து, வருஷா வருஷம் நடத்துகிறது. நடத்தினால் பழக்கம் வருகிறது.

அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. விழாவில் போடும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டாம் என்றாலும், ஒன்றிய அமைச்சகத்தின் விலக்கு வேண்டும். 2017இல் இதே குறும்பட விழாவில், தற்கொலை செய்துகொண்ட ஹைதராபாத் மாணவர் ரோஹித் வெமுலா, காஷ்மீர், டெல்லி ஜே.என்.யு. மாணவர் போராட்டம் பற்றிய மூன்று படங்களுக்கு அதை மறுத்துவிட்டார்கள்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2006இல் நாம் எடுத்த பனையேறி படம். நூலக மாடியில் ஒரே ஒரு தடவை போட்டோமே, பாதியில் கரண்ட் போய், நம் சொந்தக்காரர்கள் காராச்சேவு தின்றுவிட்டுக் கலைந்தார்களே, அதுதான். பழைய படம், எந்த விழாவுக்கும் இனி போகாது. ஆனால் போன மாதம் தங்கையா நாடாரின் பேரன் என்னைத் தேடி வந்தான். தாத்தா மரம் ஏறுகிற படம் இருக்கிறதாமே, பார்க்கலாமா என்று கேட்டான். வீட்டில் தாத்தாவுக்கு ரேஷன் கார்டு போட்டோ மட்டும்தானாம்.

அலமாரியைத் துழாவி மினி டி.வி. (Mini DV) வீடியோ கேசட்டை எடுத்துவிட்டேன். ஓரத்தில் லேசாகப் பூஞ்சை. அதை ஓட்ட அந்தக் காலத்துக் கேமரா வேண்டும் என்கிறான் ஸ்டுடியோக்காரன். உன்னுடையது இன்னும் பரணில் இருக்கிறதா? இருந்தால் ஓடுகிறதா என்று பார்த்து, கோயில் கொடைக்கு வரும்போது சார்ஜரோடு எடுத்து வா. ஒயரை மறந்துவிடாதே, போன தடவை மாதிரி.

உன்,
ஜெபராஜ்