சக்கரம் நுழைந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "இரண்டு சைக்கிளுக்கும் ஒரே அளவுச் சக்கரம் என்றால் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை" என்று சென்ற இதழின் சைக்கிள் பகுதியில் படித்தேன். அந்த அரை மணி நேரம் எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறதோ தெரியவில்லை.

சக்கரம் நுழையும், மறுக்கவில்லை. ஆனால் ஃபோர்க்கைத் தாங்குவது, அதன் தண்டைச் சட்டத்தின் தலைக்குழாயில் சுழலவிடும் பேரிங் தொகுதியான ஹெட்செட் என்பது தாங்கள் அறியாததல்ல. பழைய சைக்கிள்களில் ஃபோர்க் தண்டின் விட்டம் 25.4 மி.மீ.; மரையிட்டது. பின்னர் மரையில்லாத 28.6 மி.மீ. தண்டு வந்தது. இப்போது கீழே 38.1 மி.மீ. வரை அகலும் தண்டும் வந்துவிட்டது. அதை 34 மி.மீ. உள்விட்டமுள்ள தலைக்குழாயில் தங்கள் கட்டுரையாளர் நுழைத்துக் காட்டினால், நேரில் வந்து மாலை போடுகிறேன்.

தண்டு ஒத்துப்போனாலும் நிம்மதி இல்லை. என் தம்பி மகன் தன் பழைய சைக்கிளுக்கு வேறொன்றின் ஃபோர்க்கைப் பொருத்தினான். இரண்டின் தண்டும் 25.4 மி.மீ.தான். ஆனால் ஹெட்செட்டின் அடிவளையம் ஃபோர்க்கில் உட்காரும் இடத்தின் விட்டம் பழையதில் 27.0, புதியதில் 26.4. பழைய வளையத்தையே போட்டார்கள். பிரேக் பிடித்தபோதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்றது. இறுக்கினால் ஹேண்டில்பார் திரும்பவில்லை, தளர்த்தினால் ஆடியது. பேரிங் தேய்ந்துவிட்டது என்றார்கள், மாற்றினான். பேரிங் உட்காரும் கப் கோணல் என்றார்கள், அதையும் மாற்றினான். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்த பிறகே அந்த 0.6 மி.மீ. பிடிபட்டது.

தண்டை முன்பே குட்டையாக வெட்டியிருந்தால் என்ன செய்வது, 20 மி.மீ. கூடுதல் உயரமான ஃபோர்க் போட்டால் அதன் சாய்வுக் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி மாறிவிடுமே, டிஸ்க் பிரேக்குக்கு அதில் இடம் இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் கட்டுரையில் ஒரு வரி இல்லை. கண்ணாடி அணிந்த இளைஞர் மலைச்சரிவில் நிற்கும் படத்துக்கு மட்டும் முழுப்பக்கம்.

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. முன்பொரு முறை அட்டைப்படத்தில் ஃபோர்க் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. எழுதினேன், பதில் இல்லை. பிறகு, 'அசையும் பாகங்கள் அனைத்துக்கும் எண்ணெய் தெளியுங்கள்' என்று ஒரு குறிப்பு. பிரேக் டிஸ்க்கும் அசையும் பாகம்தானே ஐயா, அதில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்குமா! அதற்கும் எழுதினேன். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று அச்சிட்ட அட்டை வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். புத்தி சொல்லும் அளவுக்கு நான் பெரியவன் இல்லை. சந்தாவை மட்டும் தவறாமல் புதுப்பிப்பவன்.

அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போதும். ஃபோர்க் வாங்கும் முன் தண்டின் விட்டம், அதன் நீளம், மரை உண்டா இல்லையா, அடிவளையம் உட்காரும் இடம், சட்டத்தின் தலைக்குழாய் உள்விட்டம் ஆகியவற்றை அளந்து பாருங்கள் என்று அதில் போடுங்கள். படம் வேண்டாம்.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவர்